மேஸ்திரி தூர் வாரிய குளம்

அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டியில் கப்பல் வந்து நின்றால் முதலில் கேட்கிற குரல் ஜம்புலிங்கத்தினுடையது. சரக்கு இறக்கும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. அரிசி மூட்டை, சிமெண்டு, மண்ணெண்ணெய் டின், புதிதாக மாற்றலாகி வந்த ஆபீசரின் பீரோ என்று வயிற்றில் எது இருந்தாலும் சொன்ன நேரத்துக்குள் கப்பலைக் காலி செய்து கொடுத்துவிடுவார். தூங்கமாட்டார், தூங்கவும் விடமாட்டார். வேலை முடிந்ததும் நாலு நாள் படுத்துக் கிடப்பார். அடுத்த கப்பல் வரும்வரை அவருக்கு உலகத்தில் வேலையே கிடையாது.

இப்பேர்ப்பட்டவர் சொல்லியும் வீட்டில் ஒன்று நடக்கவில்லை. கொல்லையில் சொந்தக் குளம் இருக்க, அவர் மனைவி சுசீலா காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் குளத்தின் கரை வழியாகவே நடந்து, வேலிப் படலைத் திறந்து, பக்கத்து வீட்டுக் குமாஸ்தா கோவிந்தராஜின் குளத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள். ஜெட்டிக்குப் போகிற பாதை அந்த வேலியை ஒட்டித்தான் போகிறது. மேஸ்திரி பெண்டாட்டி குமாஸ்தா குளத்தில் தண்ணீர் மொள்வதை அவருக்குக் கீழே வேலை செய்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள்.

இரண்டு குளங்களுக்கும் வயது ஒன்று. ஜம்புலிங்கம் லால்குடிப் பக்கம். ஐம்பதுகளில் காட்டு வேலைக்கு ஆள் எடுத்தபோது கப்பலேறி வந்தவர். கோவிந்தராஜ் கும்பகோணத்துக்காரர், மர டிப்போவில் குமாஸ்தா. வெட்டிக் கொண்டுவந்து போட்ட கட்டைகளை அளந்து நம்பர் போடுவது அவர் வேலை. உப்பங்கழிக்கு மேலே இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மனை கிடைத்தது. வங்காளிக் குடியேறிகள் செய்வதைப் பார்த்து, கொல்லையில் மண்ணை வெட்டி வீட்டுத் தரையை உயர்த்தினார்கள். வெட்டிய பள்ளத்தில் மழை நிறைந்து குளமானது. ஒரே ஆட்கள்தான் வெட்டினார்கள், ஒரே மழைதான் பெய்தது.

அறுபத்தேழு வாக்கில் அந்த இரண்டையும் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னால் நம்பமாட்டார்கள். கோவிந்தராஜ் குளத்தில் படிக்கட்டாகப் போட்ட தென்னந்தண்டு கடைசிப் படிவரை தெரியும். கெண்டை மீன் திரும்பினால் அதன் முதுகு தெரியும். ஜம்புலிங்கத்தின் குளத்தில் பச்சையாக ஒரு போர்வை கிடந்தது. பலா இலை விழுந்து கறுத்துக் கிடந்தது. வாத்துகள் அதற்குள்ளேயே குடித்தனம் செய்தன. சிமெண்டு சாக்கு அலசுவது, சோப்புப் போட்டுத் துணி துவைப்பது, கப்பல் வேலை முடிந்து வருகிற ஆட்கள் கால் கழுவுவது எல்லாம் அங்கேதான்.

"நம்ம குளத்துல தண்ணி இல்லையா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இருக்கு. வாத்துக்கு" என்றாள் சுசீலா.

"மனுஷனுக்கு?"

"மனுஷன் யாராவது எறங்குனா கேட்டுச் சொல்றேன்."

சுசீலா லேசில் எதையும் மெச்சுகிறவள் இல்லை. ஒரே பகலில் ஒரு கப்பல் சிமெண்டை இறக்கிவிட்டு வந்து நின்றாலும், "வெள்ளையா வந்து நிக்காதீங்க, ஒதறிட்டு வாங்க" என்றுதான் சொல்வாள். அவளே கோவிந்தராஜின் தண்ணீரைக் குடத்திலிருந்து சாய்க்கும்போது, "கண்ணாடி கணக்கா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை ஜம்புலிங்கம் கேட்டுவிட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பல் துலக்குகிற சாக்கில் வேலி ஓரம் நின்று கோவிந்தராஜைக் கண்காணிக்க ஆரம்பித்தார். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மூங்கில் நுனியில் பிரம்பு வளையம், வளையத்தில் பழைய மீன்வலைத் துண்டு. அதை வைத்துக்கொண்டு கோவிந்தராஜ் கரையை ஒரு சுற்று வருவார். மிதக்கிற இலையைக் கோலி எடுத்து வாழை மூட்டில் தட்டுவார். வரப்பில் நண்டு வளை தெரிந்தால் குதிகாலால் மிதித்து அடைப்பார். ஞாயிற்றுக்கிழமை தென்னை மட்டையால் படியில் பாசியைத் தேய்ப்பார். துணி துவைக்கிற கல்லைக் குளத்துக்கு வெகுதூரத்தில் போட்டு, அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போகிற மாதிரி வாய்க்கால் விட்டிருந்தார். ஒரு பீடி பிடிக்கிற நேரம். அவ்வளவுதான், காப்பி குடிக்க உள்ளே போய்விடுவார்.

வேர்வை சிந்தாத வேலையை ஜம்புலிங்கம் வேலையாகவே மதித்ததில்லை. அதனால் விஷயம் வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு கட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ மருந்து கொண்டுவந்து கலக்கிறான் என்று சில நாள் நினைத்தார். அவன் மனையில் வெயில் சரியாக விழுகிறது என்று சில நாள். நேராகவே கேட்டும் பார்த்தார்.

"ஒண்ணும் போடறதில்ல மேஸ்திரி. தெனம் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்றார் கோவிந்தராஜ்.

மறைக்கிறான் என்பது அதோடு உறுதியாகிவிட்டது.

பிறகு மலேரியாக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு கொல்லையிலும் நுழைந்து தேங்கின தண்ணீரில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே வந்த இன்ஸ்பெக்டர், கோவிந்தராஜ் குளத்தங்கரையில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையில் தண்ணீர் அள்ளிப் பார்த்தார். "பஹுத் அச்சா தாலாப்" என்றார். ரொம்ப நல்ல குளம் என்று அவர் சொன்னது வேலிக்கு இந்தப்பக்கம் நன்றாகவே கேட்டது. படலைத் தாண்டி இங்கே வந்ததும் குந்தவுமில்லை, தண்ணீரைத் தொடவுமில்லை. டின்னைச் சாய்த்தார். எண்ணெய் பச்சைப் போர்வைமேல் ஏழு நிறத்தில் பரவியது. வாத்துகள் கரையேறி நின்று ஜம்புலிங்கத்தைப் பார்த்தன.

கோவிந்தராஜின் மனைவி அலமு மறுபக்கத்திலிருந்து ஆறுதல் சொன்னாள். "அவங்க அப்படித்தான் அண்ணே, எல்லார் வீட்டுலயும் ஊத்துவாங்க."

"ஒங்க வீட்டுல ஊத்தலையே" என்றார் ஜம்புலிங்கம்.

அந்தத் தை மாதம் கப்பல் பழுது பார்க்கக் கல்கத்தா போய்விட்டது. ஆட்கள் சும்மா இருந்தார்கள். ஜம்புலிங்கம் தனக்கு அடுத்த ஆளான கண்ணையாவைக் கூப்பிட்டு, கும்பலைக் கொல்லைக்குக் கொண்டுவரச் சொன்னார். சாப்பாடு அவர் வீட்டில். குளத்தை ஒரே நாளில் இறக்கிவிட வேண்டும், கப்பலை இறக்குவது மாதிரி.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெய் டின் கைமாறிக் கைமாறி வரிசையில் ஓடியது. ஒருவன் பாட்டு எடுக்க மற்றவர்கள் ஹைசா போட்டார்கள். பாதையில் போனவர்கள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். உச்சிவேளைக்குள் தண்ணீர் போய்ச் சேறு வந்தது. மத்தியானக் குழம்பில் வாத்துகள் இருந்தன. சாப்பிட்டுவிட்டு இறங்கிக் கறுப்புச் சேற்றைக் கூடை கூடையாக வெளியே கொட்டினார்கள். அடியில் சாம்பல் நிறக் களிமண் பளபளவென்று தெரிந்தது.

கோவிந்தராஜ் வேலியருகே வந்து நின்றார். "மேஸ்திரி, கறுப்பு போனாப் போதும். நான்கூட ஒரு வருஷம் இந்தப் பாதி, மறு வருஷம் அந்தப் பாதின்னு மேலாகத்தான் எடுக்கறேன். களிமண்ணைத் தொடாதீங்க."

"ஏன், தொட்டா என்ன?"

"அதுதான் தண்ணியப் புடிச்சு வச்சிருக்கு. கீழே மணல். கழி பக்கத்துல இருக்கு பாருங்க."

ஜம்புலிங்கத்துக்கு மனசு குளிர்ந்தது. இத்தனை வருஷமாகத் தன் வயிற்றில் எரிந்தது இப்போது அந்த வயிற்றுக்கு மாறிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. தன் குளத்தைவிட ஆழமாகப் போகிறதே என்று குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஆழம்தான் சூட்சுமம் போலிருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் ஓடிவந்து தடுக்கிறான்?

"கோவிந்தராசு, ஒங்க கட்டைய நீங்க எண்ணுங்க. எங்குழிய நான் வெட்டிக்கறேன்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். கோவிந்தராஜும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

களிமண்ணை வெட்டினார்கள். மண்வெட்டி ஓரிடத்தில் சரசரவென்று இறங்கியது. கண்ணையா நிமிர்ந்தான். "மேஸ்திரி, பஸ், போதும். மணல் வந்துடுச்சு."

"இன்னும் ஒரு சாண்" என்றார் ஜம்புலிங்கம்.

மறுநாள் காலையில் எழுந்து போய்ப் பார்த்தபோது குளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு மழை இல்லை. தை மாத வானம் வெளுத்துக் கிடந்தது. அடியிலிருந்து தானாக ஊறிய தண்ணீர், மணல் மணியாகத் தெரிகிற தெளிவு. கோவிந்தராஜ் குளம் இதன் முன்னால் கஞ்சித் தண்ணீர். ஜம்புலிங்கம் கரையில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். கண்ணையாவை அனுப்பி நேற்று வேலை செய்தவர்கள் எல்லோரையும் வரச்சொன்னார். அடுத்த வீட்டுக்குத் தானே போய், "ரெண்டு பேரும் வாங்க, புதுத் தண்ணியில டீ" என்று கூப்பிட்டுவிட்டு வந்தார்.

சுசீலா மறு பேச்சில்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு சொந்தக் குளத்தில் இறங்கினாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்ற ஜம்புலிங்கத்துக்கு, ஜெட்டிக்கு ஐந்து கப்பல் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. பெரிய பாத்திரத்தில் டீ கொதித்தது. பால் பவுடரைக் கரைத்து ஊற்றியதும் குருணை குருணையாகத் திரிந்தது. பவுடர் பழசு என்று நினைத்து அவள் வடிகட்டி ஊற்றினாள்.

முதல் வாய் குடித்த கண்ணையா வாழைத் தோப்புப் பக்கம் போனான். திரும்பி வரும்போது கையில் டம்ளர் காலியாக இருந்தது. மற்றவர்கள் டம்ளரை உருட்டிக்கொண்டே மேஸ்திரி முகத்தைப் பார்த்தார்கள். கோவிந்தராஜ் மட்டும் நிதானமாகக் கடைசிவரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்கு மேஸ்திரி. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி."

"எங்க வீட்டுக்காரருக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றாள் அலமு. "சுசீ, இது கடல் தண்ணிடி."

ஜம்புலிங்கம் தன் டம்ளரைக் குடித்துப் பார்த்தார். ராத்திரி கழியில் கடல் ஏற்றம் வந்தபோது மணல் வழியாக உப்புத் தண்ணீர் ஏறி உள்ளே வந்திருக்கிறது. அது அவருக்கு உடனே புரிந்தது. உப்பைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த ஆள் முழு டம்ளரையும் குடித்துவிட்டுச் சர்க்கரையைக் குறை சொன்னாரே, அதுதான் தொண்டையை விட்டு இறங்கவில்லை. கேலி செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

மழைக்கு இன்னும் மூன்று நாலு மாதம் இருந்தது. முன்பாவது குடிக்க, சமைக்க மட்டும் அடுத்த வீடு. இப்போது குளிக்க, கழுவ, மாட்டுக்குக் காட்ட எல்லாவற்றுக்கும் அங்கேதான். இரண்டு வீடு ஒரு குளத்தில் இறங்கினால் படி சீக்கிரம் வழுக்கும், தண்ணீர் சீக்கிரம் கலங்கும். அதனால் அலமு ஓர் ஏற்பாடு சொன்னாள். காலையில் இலை வாருகிற வேலையை இனிமேல் சுசீலா பார்த்துக்கொள்ளட்டும், ஞாயிற்றுக்கிழமைப் பாசி தங்கள் பாடு. சுசீலாவுக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் காலை ஜம்புலிங்கம் வேலி வழியாகப் பார்த்தார். கோவிந்தராஜின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கோவிந்தராஜின் குளத்தைச் சுற்றித் தன் மனைவி நடந்துகொண்டிருந்தாள். கோவிந்தராஜ் கொல்லை வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஜம்புலிங்கம் படலைத் தள்ளிக்கொண்டு போய் மூங்கிலைப் பிடுங்கினார்.

"நீ போ."

"ஒங்களுக்கு வராதுங்க இது."

"இலை பொறுக்கறதுக்கு என்ன வரணும்?"

அன்றிலிருந்து அவர்தான் வாரினார். ஜெட்டிக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்தார்கள்.

"மேஸ்திரி, என்ன கப்பல் வந்திருக்கு?" என்று பாதையிலிருந்து கண்ணையா கேட்டான்.

"குமாஸ்தா கப்பல்" என்றான் பின்னால் வந்தவன்.

முதல் நாள் ஓட்டமாக ஒரு சுற்று வந்தார். அடியில் கிடந்த வண்டல் எல்லாம் மேலே வந்துவிட்டது. "வேகமா இழுக்காதீங்க மேஸ்திரி" என்று கொல்லை வாசலிலிருந்து குரல் வந்தது. மூங்கிலை அந்தத் திசையில் எறியலாமா என்று ஜம்புலிங்கம் யோசித்தார். இன்னொரு நாள், ஒரு வாரத்து வேலையைச் சேர்த்து முடித்துவிடலாம் என்று பொழுது சாய்கிறவரை வாரிப் பார்த்தார். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே மாதிரி இலை கிடந்தது. இறக்க இறக்கத் தீராத இப்படி ஒரு சரக்கை அவர் பார்த்ததில்லை. ஹைசா போட ஆள் இல்லை, வேலியில் நின்று வேடிக்கை பார்க்க யாரும் இல்லை. முடித்ததும் முடித்தது மாதிரியே தெரியாது.

தன் கையாலேயே எதிராளியின் குளத்துக்கு மினுக்குப் போட வேண்டியிருந்ததுதான் அவரை அரித்துத் தின்றது. மாசி கடைசியில் ஊரில் எல்லாக் குளமும் கலங்கிக் குழம்பியபோது, "இந்த வருஷம் குமாஸ்தா குளம் இன்னும் ஜோர்" என்று ஜெட்டியில் பேசிக்கொண்டார்கள். கேட்டுவிட்டு வந்த ஜம்புலிங்கம் மறுநாள் வேண்டுமென்றே ஒரு மூலையை விட்டுவிட்டார். சுசீலா குடத்தோடு வந்தவள் அந்த மூலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் போய் அந்த மூலையையும் வாரினார்.

பங்குனியில் ஆட்களை வைத்து மலைச்சரிவிலிருந்து களிமண் கொண்டுவந்து தன் குளத்தின் அடியில் கொட்டினார். தண்ணீர் தெளித்து, வரிசையாக நின்று மிதித்து மிதித்து இறுக்கினார்கள். வைகாசியில் மழை பிடித்தது. முதலில் சேர்ந்த தண்ணீரில் உப்புக் கரித்ததால் அதை இறைத்துக் கொட்டினார். அடுத்த மழையில் குளம் நல்ல தண்ணீராக நிறைந்தது. கோவிந்தராஜின் மூங்கிலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஜம்புலிங்கம் தன் குளத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு காலைகூடத் தவறவிடவில்லை. கப்பல் வந்த நாளிலும் முதலில் குளம், பிறகு ஜெட்டி. கோவிந்தராஜின் மூங்கிலைவிட முழம் நீளமான மூங்கிலில் வலை கட்டினார். குளத்தின்மேல் நீட்டியிருந்த பலாக் கிளையைக் கழித்தார். முற்றத்துத் தண்ணீர் உள்ளே ஓடிவராமல் சுற்றிலும் வரப்பு எடுத்தார். வங்காளி வீட்டிலிருந்து மீன் குஞ்சு வாங்கி விட்டார். கோவிந்தராஜ் ஞாயிற்றுக்கிழமை படி தேய்த்தால் இவர் புதன்கிழமையும் தேய்த்தார். மூச்சு வாங்கும்போதெல்லாம் வேலி வழியாகப் பார்த்து, எது தெளிவு என்று ஒப்பிட்டுக்கொள்வார். ஐப்பசி வாக்கில் சந்தேகமே இல்லை. மேஸ்திரி குளம்தான் தெளிவு.

ஆனால் சுசீலாவின் குடம் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

கால் கழுவ வந்த கண்ணையாவை ஜம்புலிங்கம் துரத்திவிட்டார். ஆசையாகப் பார்க்க வந்த அலமு படியில் கால் வைக்கப் போனபோது, "பாதத்தை வெளியில அலசிட்டு எறங்கு தங்கச்சி" என்றார். அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒருவரும் அதில் இறங்கவில்லை. கண்ணாடி மாதிரி தண்ணீர், தொட ஆளில்லாமல் கிடந்தது.

"இப்ப என்ன கொறை அதுல?" என்று சுசீலாவிடம் கேட்டார்.

"கொறை ஒண்ணுமில்ல. கால் வைக்கப் பயமா இருக்கு."

"நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"பாக்கறீங்கல்ல" என்றாள்.

கேட்டதற்காகவோ என்னவோ, அடுத்த நாள் காலையில் அவள் குடத்தோடு படலைத் தாண்டாமல் நின்றாள். வேலிக்கு அந்தப்பக்கம் கோவிந்தராஜ் இலை வாரிக்கொண்டிருந்தார். இந்தப்பக்கம் ஜம்புலிங்கம். சுசீலா திரும்பிச் சொந்தக் குளத்தின் படியில் இறங்கினாள். கோவிந்தராஜின் மூங்கில் நின்றுவிட்டது. அவர் பார்க்கிறார் என்பது ஜம்புலிங்கத்துக்குப் பிடரியில் தெரிந்தது. இதற்காகத்தானே இத்தனையும். அவள் இரண்டாவது படியில் நின்று குடத்தைச் சாய்த்து அமுக்கினாள். அடியிலிருந்து கொஞ்சம் வண்டல் புகை மாதிரி எழும்பியது.

"மெதுவா அமுக்கு. கலங்குது பாரு" என்றார் ஜம்புலிங்கம்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுசீலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். குடத்தில் சேர்ந்த தண்ணீரை, சொன்னபடி மெதுவாகவே, குளத்தில் திரும்ப ஊற்றினாள். படியேறிப் படலைப் பார்த்து நடந்தாள். படல் கதவு கிறீச்சிட்டது.

"சுசீலா."

அவள் நிற்கவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் கோவிந்தராஜ் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஜம்புலிங்கம் அந்த ஒதுங்கலைப் பார்த்தார். நீள மூங்கிலைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்து வெளுத்த படியைப் பார்த்தார். மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு, கட்டியிருந்த கைலியோடு, கரையிலிருந்து அப்படியே குளத்தின் நடுவில் குதித்தார்.

சத்தம் கேட்டு சுசீலா திரும்பினாள். மார்பளவுத் தண்ணீரில் நின்று ஜம்புலிங்கம் இரண்டு காலாலும் அடியைக் கிளறிக்கொண்டிருந்தார். களிமண் குமிழ் குமிழாக ஏறி வந்தது. தெரிந்த படி மறைந்தது. மீன்கள் மூலைக்கு ஓடின.

"கலங்கிடுச்சு. இனிமே சொல்ல ஒண்ணுமில்ல. வா" என்றார்.

"பைத்தியமா ஒங்களுக்கு?"

"வந்து மொண்டுக்கிட்டுப் போ."

கோவிந்தராஜ் வேலிமேல் கை வைத்து எட்டிப் பார்த்தார். "என்னாச்சு மேஸ்திரி, வழுக்கிடுச்சா?"

"ஆமா" என்றார் ஜம்புலிங்கம்.

சுசீலா படலுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள். காலை அலசாமல் படியில் இறங்கினாள். அந்தப் பழுப்புத் தண்ணீரிலேயே குடத்தை அமுக்கினாள். அது மடக் மடக்கென்று குடித்து நிறைகிறவரை ஜம்புலிங்கம் வாயைத் திறக்கவில்லை.

"சாயங்காலம் தெளியும். அதுவரைக்கும் இதை வடிகட்டித்தான் ஒல வைக்கணும்" என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அவள் தன் அடுப்படிக்கு நடந்தாள்.